நாலாம் அண்ணியின் மரியாதை

ஹாங்காங்கில் எங்கள் டோ குவா வான் பக்கம் நல்ல சாப்பாட்டுக்கடையைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான். உள்ளே போய் உட்கார்ந்ததும் உங்களைத் திட்டுகிறார்களா என்று பாருங்கள். திட்டினால் தைரியமாகச் சாப்பிடலாம். "வாங்க, உக்காருங்க, என்ன வேணும்" என்று பல்லைக் காட்டினால் எழுந்து ஓடிவிட வேண்டும். ஒன்று, மீன் முந்தாநாள் செத்ததாக இருக்கும். இல்லை, விலை நாளைக்கு ஏறப்போகிறது.

இந்தக் கணக்குப்படி பார்த்தால் எங்கள் குவான் கடைக்கு ஹாங்காங்கிலேயே முதல் பரிசு கொடுக்கலாம். ஆறே மேஜை. சமையல்கட்டில் குவான் அண்ணன், வெளியே அவர் மனைவி. குவான் அவர் வீட்டில் நாலாவது பிள்ளை. அதனால் அந்த அம்மாள் ஊருக்கெல்லாம் நாலாம் அண்ணி. அவளைவிட மூத்த கிழவர்களுக்கும் அண்ணிதான். குவான் அண்ணன் பேச மாட்டார். ஊமை என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் குடும்பத்துக்கு வேண்டிய பேச்சையெல்லாம் அண்ணி ஒருத்தியே பேசித் தீர்த்துவிடுவாள். பாவம், மனுஷனுக்கு மிச்சம் எதுவும் வைப்பதில்லை.

நான் மினிபஸ் ஓட்டி ஓய்ந்தவன். பெயர் யிப். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சமையலில் எனக்கு வெந்நீர் வைக்கத் தெரியும், அதற்கு மேல் கேட்காதீர்கள். ஆகவே ராத்திரிச் சாப்பாடு தினமும் அண்ணி கடையில்தான். நான் உட்கார்ந்து, சூடான டீயில் கிண்ணத்தையும் சாப்பிடும் குச்சிகளையும் அலசி முடிப்பதற்குள் எனக்கு என்ன வேண்டும் என்பதை அவள் முடிவு செய்திருப்பாள். "யோவ் கிழவா, உனக்கு இன்னிக்குக் கருவாடு போட்ட பன்னிக்கறி கெடையாது. ரத்தக்கொதிப்ப வச்சிக்கிட்டு தெனம் கருவாடு கேக்குதா? கீரை தின்னு, போ." நான் காசு கொடுத்துச் சாப்பிடும் கடை அது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிண்ணத்தில் சோறு மிச்சம் வைத்தால் வம்சத்தையே இழுப்பாள். இடம் இல்லையென்றால் முன்பின் தெரியாத நாலு பேரை ஒரே மேஜையில் திணித்து, "ஒருத்தர ஒருத்தர் கடிச்சா தின்னப் போறீங்க?" என்பாள். ஒரு தடவை புதிதாக வந்த ஒருவர் அவித்த மீனுக்கு மிளகாய்ச் சாஸ் கேட்டார். அண்ணி பேசவேயில்லை. மீன் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவர் மறுநாளே திரும்பி வந்தார். இப்போது அவரும் எங்களில் ஒருவர்.

இப்படிச் சொர்க்கம்போல் இருந்த கடையில்தான் ஒரு திங்கட்கிழமை இடி விழுந்தது. நான் உள்ளே நுழைகிறேன். அண்ணி இரண்டு கையையும் முன்னால் கோத்துக்கொண்டு நிற்கிறாள்.

"வாங்க யிப் அண்ணே. இன்னிக்கு என்ன சாப்பிடுறீங்க?"

எனக்குப் பின்னால் வேறு யாராவது யிப் வருகிறானா என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. எதிரில் உட்கார்ந்திருந்த என் சாப்பாட்டுத் தோழன் ஃபுங் கையிலிருந்த குச்சியைக் கீழே போட்டான். அண்ணி அதைக் குனிந்து எடுத்து, வேறு குச்சி கொண்டுவந்து கொடுத்து, "சிரமத்துக்கு மன்னிக்கணும்" என்றாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

கடையை விற்றுவிட்டார்கள் என்று ஒருவர் சொன்னார். வாடகை ஏறிவிட்டது என்றார் இன்னொருவர். ஏதோ புது மதத்தில் சேர்ந்துவிட்டாள் என்றும் ஒரு கட்சி இருந்தது. மூன்றாம் நாள் ஒருவன் பாதிக் கிண்ணம் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான். கடையே மூச்சைப் பிடித்துக்கொண்டது. அண்ணி அந்தக் கிண்ணத்தைப் பார்த்தாள். அவள் கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு, "பரவாயில்லைங்க" என்றாள்.

"முத்திப்போச்சு," என்றான் ஃபுங் மெதுவாக. "கல்லீரல்."

ஃபுங் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக் காவல்காரன். நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பவனுக்குத் தெரியாத வியாதி உலகத்தில் உண்டா? அவனுடைய பெரியம்மா ஒருத்தி வாழ்நாளெல்லாம் தேள்கொடுக்காகக் கொட்டியவளாம். ஒருநாள் திடீரென்று எல்லோருக்கும் நன்றி சொல்ல ஆரம்பித்தாளாம். அப்புறம் அதிகநாள் இருக்கவில்லையாம். இதைவிடப் பெரிய மருத்துவ ஆதாரம் யாருக்கு வேண்டும்? அன்று இரவே அண்ணிக்குக் கல்லீரல் போய்விட்டது என்று தெருவே முடிவு செய்துவிட்டது.

உண்மைக் காரணம் எனக்குச் சனிக்கிழமை தெரிந்தது. அண்ணியின் மகள் யின்-துங் என்னிடம் சொன்னாள். பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் பெண். சீத்தோ வீட்டுப் பையன் பாக்-ஹேயை அவளுக்குப் பிடித்திருந்தது, அவனுக்கும் இவளை. பையனின் அப்பா ஒரு பள்ளிக்கூடத்தில் துணைத் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பெண்ணைப் பற்றி அவருக்குக் குறை ஒன்றுமில்லை. பெண்ணின் தாயார் வாயைப் பற்றித்தான் நாலு பேர் நாலு விதமாகச் சொல்லியிருந்தார்கள். அதனால் அவசரம் வேண்டாம், இரண்டு வருஷம் போகட்டும் என்றிருந்தார். ஞாயிற்றுக்கிழமை கடைக்கே வந்து சாப்பிட்டுப் பார்த்துவிட்டு மேற்கொண்டு பேசுவதாக ஏற்பாடு.

யின்-துங்குக்கு இதற்கு முன்பும் ஒரு சம்பந்தம் இப்படித்தான் "கொஞ்சம் போகட்டும்" என்று தள்ளிப்போனது. அந்தப் பையன் கனடாவுக்குப் போனான். அங்கிருந்து கல்யாணப் பத்திரிகை வந்தது, வேறு பெண் பெயர் போட்டு. இப்போது மறுபடியும் "போகட்டும்" என்றதும் பெண் அழவில்லை. சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். சாப்பாட்டுக்கடைக்காரி மகள் தட்டைத் தள்ளிவைத்தால் அந்தத் தாய்க்கு எப்படி இருக்கும்? வாயைக் கட்டுவதென்று அண்ணி முடிவு செய்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் மரியாதை பழக வேண்டும். பழகுவதற்கு எங்கள் தலைகள்தான் கிடைத்தன.

இதை நான் ஃபுங்கிடம் சொன்னேன். அவன் என்னை இரக்கத்தோடு பார்த்தான். "குடும்பத்துக்காரங்க அப்படித்தான்யா மறைப்பாங்க," என்றான். உண்மையை ஊரில் யார் நம்பியிருக்கிறார்கள்?

ஏற்கனவே புதன்கிழமையிலிருந்தே எல்லோரும் அண்ணியிடம் அன்பாக இருக்கத் தொடங்கியிருந்தார்கள். கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார்கள். தாங்களே மேஜையைத் துடைத்துவிட்டு எழுந்தார்கள். ஒருவர் உடம்புக்கு நல்லது என்று ஆமை ஜெல்லி கொண்டுவந்தார். மிளகாய்ச் சாஸ் ஆசாமி கோயிலுக்குப் போய் மஞ்சள் மந்திரக் காகிதம் வாங்கிவந்து கல்லாவுக்கு மேல் ஒட்டினார். அண்ணி மகளிடம் பெருமையாகச் சொன்னாளாம்: நாம மரியாதை குடுத்தா நமக்கும் மரியாதை வருது பாத்தியா, இத்தனை வருஷம் தெரியாமப் போச்சே என்று. குவான் அண்ணன்கூட அவளுக்கென்று தனியாக ஒரு சூப் காய்ச்சி, அவள் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு ருசி பார்க்கச் சொல்கிறார் என்று நினைத்து, உப்புப் போதவில்லை என்றாள் அண்ணி.

ஞாயிறு வந்தது. மனைவி, மகனோடு வந்த சீத்தோ ஐயா உட்காருவதற்கு முன் கைக்குட்டையால் நாற்காலியைத் துடைத்தார். வேறொரு நாளாக இருந்தால் அந்தக் கைக்குட்டையை அவர் வாயில் திணித்திருப்பாள் அண்ணி. அன்றைக்கோ பல்வலிக்காரி மாதிரி சிரித்துக்கொண்டு நின்றாள். மீன் வந்தது. இஞ்சியும் வெங்காயத்தாளும் தூவி, கொதிக்கும் எண்ணெய் ஊற்றி, ஆவி பறக்க வந்தது. சீத்தோ ஐயா குச்சியை எடுத்தார். எடுத்தவர் அதை ஆட்டி ஆட்டி, மீன் அவிப்பதில் பழைய காலத்து முறைக்கும் இக்காலத்து முறைக்கும் உள்ள வேறுபாடுகளை விளக்கத் தொடங்கினார். ஆவி நின்றது. எண்ணெய் உறைந்தது. மீன் இரண்டாம் முறையாகச் செத்தது. அண்ணியின் கை இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியைக் கசக்கிக்கொண்டே இருந்தது.

கடைசியில் ஐயா விஷயத்துக்கு வந்தார். சாப்பாடு திருப்தி, பழக்கவழக்கமும் தாம் கேள்விப்பட்டதற்கு மாறாக இருக்கிறது, இருந்தாலும் நல்ல காரியத்தில் அவசரம் கூடாது, இரண்டு வருஷம் என்பது கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். பாக்-ஹே வாயைத் திறந்தான். அப்பா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். யின்-துங் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க சொன்னா சரிங்க," என்றாள் அண்ணி.

அந்தக் குரலைக் கேட்க எனக்குச் சகிக்கவில்லை. கருவாடு கேட்டதற்கு அவள் என்னை எத்தனையோ பேசியிருக்கிறாள். அதெல்லாம் எவ்வளவு தேவலை.

அப்போதுதான் சீத்தோ அம்மாள் கை கழுவப் பின்பக்கம் போனார். ஃபுங் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஃபுங் எழுந்து நின்று, சாவு வீட்டில் நிற்பதுபோல் தலையைக் குனிந்து, "பெத்தவ கண்ணு முன்னாடியே பொண்ணக் கரையேத்திடுங்கம்மா, இன்னும் கொஞ்ச நாளுதான்" என்று சொல்லி மூக்கை உறிஞ்சினான். அம்மாள் திரும்பி வந்து கணவர் காதில் ஏதோ சொன்னார். ஐயாவின் குச்சி கீழே இறங்கியது.

எங்களில் ஒரு வழக்கம் உண்டு. பெற்றவர் செத்தால் நூறு நாளுக்குள் பிள்ளைகள் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும். தவறினால் மூன்று வருஷம் துக்கம். சீத்தோ ஐயா ஒரு காலத்தில் கணக்கு வாத்தியார். தாமாகத் தள்ளிப்போடும் இரண்டு வருஷம் அவருக்கு இனித்தது. அடுத்தவள் செத்து மூன்று வருஷம் தள்ளிப்போவது கசந்தது. தவிர, சாகக் கிடக்கும் தாய்க்கு நல்ல காரியம் நடந்தால் நோய்கூட விலகும் என்பார்கள். அந்தப் புண்ணியமும் தம் பெயரில் எழுதப்படும். தொண்டையைச் செருமிக்கொண்டு, கல்யாணம் அடுத்த மாதமே என்று அறிவித்தார். தர்மப் பணத்துக்குக் கையெழுத்துப் போடுகிறவர் முகம் அப்படித்தான் இருக்கும். எல்லாம் தன் மரியாதையின் மகிமை என்று அண்ணி நினைத்துக்கொண்டாள்.

அந்த வாரமே ஒரு மத்தியானம் சீத்தோ அம்மாள் தனியாக வந்தார், கையில் உயர்ந்த ரக ஜின்செங் மருந்துவேர்ப் பெட்டியோடு. கடை நிரம்பியிருந்தது, எல்லாம் அவசரமாகத் தின்றுவிட்டு ஓடும் வெளியூர் ஆட்கள், எங்கள் ராத்திரிக் கூட்டத்தில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. என் மேஜையில்தான் இடம் இருந்தது. அண்ணி பவ்யமாக டீ ஊற்றினாள். அம்மாள் விரலால் மேஜையைத் தட்டி நன்றி சொல்லிவிட்டு, அப்படியே அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டர் எத்தனை மாசம்னு சொல்லியிருக்காரு?"

"யாருக்குங்க?"

"உங்களுக்குத்தான் சம்பந்தி."

அண்ணியின் முகத்தில் மரியாதை ஒரு நொடி தாக்குப்பிடித்தது. பிறகு போய்விட்டது. "எந்த நாசமாப் போறவன் சொன்னான்? எனக்கு டாக்டர் எதுக்கு? இன்னிக்குக் காலையில கூட அரிசி மூட்டைய நான்தான் தூக்கிப் போட்டேன்!" என்றாள். நல்ல வேளை, ஃபுங் அப்போது காவலில் இருந்தான். சமையல்கட்டில் எண்ணெய் சடசடத்துக்கொண்டிருந்தது.

சொன்ன பிறகுதான் என்ன செய்தோம் என்று அவளுக்கு உறைத்தது. மெல்ல உட்கார்ந்தாள். அவள் பேசியது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவ்வளவு சின்னக் குரல்.

"பொய் சொல்லி என் பொண்ணக் கட்டிக்குடுக்க வேணாம் சம்பந்தி. வீட்டுக்காரர்கிட்ட உள்ளதச் சொல்லிடுங்க. அவ தலையெழுத்து."

சீத்தோ அம்மாள் நிதானமாக டீயைக் குடித்தார். "சொல்றதா? எங்க வீட்டுல துணி தொவைக்கிற மெஷின் வாங்க அந்த மனுஷன் நாலு வருஷம் யோசிச்சாரு. அதுவரைக்கும் யாரு கையால தொவைச்சான்னு கேளுங்க. அவரு வாயில 'அடுத்த மாசம்'ங்கிற வார்த்தைய நான் கேக்குறது இதான் மொத தடவை. அதக் கெடுக்குற அளவுக்கு நான் முட்டாள் இல்ல. கல்யாணம் முடியுற வரைக்கும் நீங்க கொஞ்சம் நோயாளியா இருங்க."

"எனக்கு நடிக்கத் தெரியாதுங்களே."

"நடிக்க வேணாம். இப்ப மாதிரி மரியாதையாப் பேசுங்க, போதும். ஊரே நம்புது."

விஷயம் அந்த இரண்டு சம்பந்திகளோடும் யின்-துங்கோடும் என்னோடும் நிற்க வேண்டும் என்று முடிவானது. என்னிடம் சத்தியம் வாங்கினார்கள். நான் வாயைத் திறந்தால் கருவாட்டை இனி கனவில்தான் பார்க்கலாம் என்று அண்ணி மிக மரியாதையாகத் தெரிவித்தாள்.

அந்த ஒரு மாதம் அவள் பட்ட பாடு சொல்லி மாளாது. ஒருவன் அவள் கண்ணெதிரிலேயே சூப்பில் சோயாச் சாஸை ஊற்றினான். "நல்லாருக்குங்களா?" என்று கேட்டுவிட்டு நேரே படகுத்துறைக்குப் போய்க் கடலைத் திட்டிவிட்டு வந்தாள். குவான் அண்ணன் நாளுக்கு நாள் இளைத்தார். ஒருநாள் கீரையில் இரண்டு தடவை உப்புப் போட்டார். நாங்கள் மூச்சுக்காட்டாமல் சாப்பிட்டோம். மகள் போகிற ஏக்கம் மனுஷனை அரிக்கிறது என்றாள் அண்ணி.

கல்யாண நாளன்று கடைக்கு விடுமுறை. ஆறு மேஜைக்கும் சிவப்புத் துணி விரித்திருந்தார்கள். மாமனார் மாமியாருக்கு டீ கொடுப்பது வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டில்தான் நடக்க வேண்டும். நோயாளியை மாடிப்படி ஏறவைக்கக் கூடாது என்று சீத்தோ ஐயா பெருந்தன்மையாகக் கடையிலேயே வைத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தார். இந்தப் பெருந்தன்மையைப் பற்றி வந்தவர்கள் அத்தனை பேரிடமும் தனித்தனியாகச் சொன்னார். விருந்துச் சமையலை வெளியாளிடம் விட குவான் அண்ணனுக்கு மனமில்லை. காலையிலிருந்து அடுப்படியில்தான் இருந்தார்.

யின்-துங் சிவப்புப் பட்டில் மண்டியிட்டு இரண்டு கையாலும் கிண்ணத்தை நீட்டினாள். மாமனார் அதை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டால் அவள் அந்த வீட்டு மருமகள். அப்புறம் எந்தக் கொம்பனும் எதையும் தள்ளிப்போட முடியாது. சீத்தோ ஐயா கிண்ணத்தை வாங்கினார். குடிக்கவில்லை. பேச ஆரம்பித்தார்.

பெற்றோரைப் பேணுவது பற்றிப் பேசினார். குடும்பம் என்றால் என்ன என்று விளக்கினார். தம் பள்ளிக்கூடத்தில் ஒழுங்கு எப்படி இருந்தது என்றார். சீத்தோ அம்மாள் முழங்கையால் இடித்தார். ஐயா சற்று நகர்ந்து உட்கார்ந்து தொடர்ந்தார். யின்-துங்கின் முழங்கால் நடுங்கத் தொடங்கியது. நான் அண்ணியைப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க நின்றாள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். அப்போது ஐயா, "சிலர் கேட்கலாம், இவ்வளவு அவசரம் ஏன் என்று" எனச் சொல்லி, இரண்டு கையையும் விரித்துப் பேச வசதியாகக் கிண்ணத்தை மேஜைமேல் வைத்தார்.

"யோவ், குடிச்சித் தொலைய்யா!"

தெருவில் போன நாய் நின்று திரும்பிப் பார்த்தது.

"டீ பச்சத்தண்ணியாப் போச்சு, புள்ளைக்கு முட்டி போச்சு, உள்ள மீனு வெந்து கூழாகுது, நீ என்னமோ பள்ளிக்கூடத்துல நிக்கிற மாதிரி சொற்பொழிவு ஆத்திக்கிட்டே இருக்க? மொதல்ல டீய எறக்கு, அப்புறம் பேச்ச எறக்கலாம்!"

சீத்தோ ஐயாவை வாழ்க்கையில் யாரும் நடுவில் நிறுத்தியதில்லை. என்ன செய்வதென்று தெரியாமல், வாத்தியாரிடம் அடி வாங்கிய பையன் மாதிரி, கிண்ணத்தை எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டார். சீத்தோ அம்மாளும் மருமகள் கையிலிருந்து தம் கிண்ணத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிக் குடித்தார். குடிக்கும்போது அவர் தோள் குலுங்கியது. முடிந்தது. யின்-துங் சீத்தோ வீட்டு மருமகள்.

ஐயாவுக்கு அப்போதுதான் சந்தேகம் பிறந்தது. "இவங்களுக்கு உடம்பு..." என்று இழுத்தார். ஃபுங்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடைசி நேரத்தில் இப்படி ஒரு தெம்பு வரும், என் பெரியம்மாவுக்கும் வந்தது என்றான்.

சமையல்கட்டுக் கதவு திறந்தது. குவான் அண்ணன் கையில் கரண்டியோடு நின்றார். கரண்டியிலிருந்து எண்ணெய் அவர் செருப்பில் சொட்டியது. அவர் மனைவியைத் தவிர வேறு யாரையும் பார்க்கவில்லை. நான் யின்-துங்கைப் பார்த்தேன். அவள் அம்மாவைப் பார்த்தாள். அண்ணி என்னைப் பார்த்தாள். அந்த ஒரு நிமிஷத்தில் மூன்று பேருக்கும் புரிந்துவிட்டது. நோய் பொய் என்று அப்பாவிடம் அம்மா சொல்லியிருப்பாள் என மகள் நினைத்திருக்கிறாள், மகள் சொல்லியிருப்பாள் என்று அம்மா. நான் அதைப் பற்றி நினைக்கக்கூட இல்லை. பேசாத மனுஷனிடம் யாரும் எதையும் சொல்லவில்லை. அவரும் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. ஒரு மாதத்துக்கு மேலாக அந்த அடுப்படியில் அவர் தனியாக அவள் சாவுக்குத் தயாராகிக்கொண்டிருந்திருக்கிறார்.

"நீ... சாகலையா?" என்றார்.

"நான் எதுக்குய்யா சாகணும்?" என்றாள் அண்ணி. அவள் குரல் உடைந்திருந்தது.

குவான் அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்தார். கரண்டி கையைவிட்டு உருண்டது. பட்டும் பகட்டுமாக வந்திருந்த சம்பந்தி வீட்டார் அத்தனை பேர் முன்னாலும் வாய்விட்டு அழுதார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் தலையை நிமிர்த்தினார்.

"இன்னொரு தடவ கத்து," என்றார்.

அண்ணி வாயைத் திறந்தாள். ஒரு சொல்லும் வரவில்லை. அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, புது உடுப்பின் கையால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.